திரை இருண்டால் முதலில் பல்பைக் கழற்றாதீர்கள்: புரொஜெக்ரர் விளக்கின் மின்வழங்கியில் பழுது தேடும் முறை

சில வருடங்களுக்கு முன்னர் வடக்கின் ஒரு சிறு நகரத்துப் பழைய தியேட்டரில், நீண்டகாலத்தின் பின் ஒரு 35 மில்லிமீற்றர் பிரதியை ஓட்டிப் பார்க்க முயன்றோம். ஒலி வந்தது. மோட்டர் ஓடியது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது. செனன் விளக்கு பற்றவில்லை. ‘பல்ப் போய்விட்டது’ என்று எல்லோரும் ஒரே குரலில் முடிவுகட்டினோம். வெளிநாட்டிலுள்ள உறவுகளிடம் காசு சேர்த்துப் புதிய பல்ப் எடுப்பித்தோம். அதுவும் பற்றவில்லை.

அந்தத் தியேட்டரில் முன்பு ஒப்பரேற்றராக இருந்த ஐயா ஒருவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அவர் பல்பைப் பார்க்கவே இல்லை. மெயினை நிறுத்தச் சொல்லிவிட்டு, விளக்குக் கூட்டின் கதவோரத்தில் இருந்த சின்னச் சுவிச்சின் நாக்கை விரலால் அமர்த்திப் பார்த்தார். அது வளைந்திருந்தது. கதவை மூடினாலும் அந்தச் சுவிச் மூடவில்லை. பாதுகாப்புச் சுற்று முழுமையடையாததால் மின்வழங்கி வேலையைத் தொடங்கவே இல்லை.

“பிள்ளை, பட்டினை அமத்தேக்க சத்தம் ஏதும் வந்ததோ எண்டு கேட்டனீங்களோ?” என்பதுதான் அவர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. நாங்கள் கேட்டிருக்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது. பூட்டிக் கிடந்த தியேட்டர்களைத் திறக்க நினைப்பவர்கள், பாடசாலை அல்லது சனசமூக நிலைய மண்டபத்தில் பழைய இயந்திரம் ஒன்றை வைத்திருப்பவர்கள், அதைப் பார்க்க அழைக்கப்படும் இலெக்ரீசியன்மார் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. விளக்கு பற்றாதபோது மிக விலைகூடிய, மிக ஆபத்தான பொருளை முதலில் தொடுகிறோம். தேடல் எதிர்த்திசையில், மெயின் இணைப்பிலிருந்து விளக்கை நோக்கி நடக்க வேண்டும்.

இந்த விளக்கு கேட்பது என்ன

செனன் விளக்கில் இழை கிடையாது. தடித்த குவார்ட்ஸ் கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு தங்ஸ்ரன் முனைகள் சில மில்லிமீற்றர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும். சுற்றிலும் அழுத்தி அடைக்கப்பட்ட செனன் வாயு. முனைகளுக்கு இடையே பாயும் மின்வில்தான் வெளிச்சம். 2000 வாற்று விளக்கு ஒன்று எரியும்போது ஏறத்தாழ 25 வோல்ற்றில் 80 அம்பியர் நேரோட்டத்தை எடுக்கும். நமது வீட்டுக்கு வரும் ஒற்றைப் பேஸ் இணைப்பு பொதுவாக 30 அம்பியர்தான் என்பதை நினைத்தால் இந்த 80 எவ்வளவு பெரியது என்று புரியும்.

வெல்டிங் பிளான்ற் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. குறைந்த வோல்ற்று, கூடிய அம்பியர், வில் பிடித்ததும் வோல்ற்றளவு இறங்கி ஓட்டம் கட்டுப்பாட்டில் நிற்பது என எல்லாம் அதே குணம். வித்தியாசம் இரண்டு. முதலாவது, வெல்டிங்கில் கம்பியை இரும்பில் உரசி வில்லைப் பிடிக்கிறோம். இங்கே முனைகளை உரச முடியாது. ஆகவே இக்னைற்றர் என்ற தனிப் பெட்டி பல்லாயிரம் வோல்ற்றுத் துடிப்பொன்றைச் செலுத்தி இடைவெளியைத் தாண்டவைக்கிறது. இரண்டாவது, இங்கே ஓட்டம் மிகவும் சீராக இருக்க வேண்டும். வெல்டிங் பிளான்றை அப்படியே கொண்டுவந்து செனன் விளக்குக்குப் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில், கூடாது என்பதே. அதன் ஓட்டத்தில் உள்ள அலைவு விளக்கின் முனையைத் தின்றுவிடும்.

ஆக, மின்வழங்கிக்கு மூன்று வேலைகள். விளக்கு பற்றுவதற்கு முன் சுமையற்ற நிலையில் உயர்ந்த வோல்ற்றளவொன்றைத் தயாராக வைத்திருப்பது முதலாவது. 25 வோல்ற்றில் எரியும் விளக்குக்கு இது 70 வோல்ற்றுக்கு மேல் வேண்டும். பழைய இயந்திரங்கள் பலவற்றில் 100ஐத் தாண்டும். இக்னைற்றரை இயக்குவது இரண்டாவது. வில் பிடித்த கணத்திலிருந்து ஓட்டத்தைச் சீராக வழங்குவது மூன்றாவது. எந்தப் பழுதும் இந்த மூன்றில் ஒன்று தவறியதன் விளைவுதான்.

1950களில் ஜேர்மனியில் செனன் விளக்குகள் சினிமாவுக்கு வருவதற்கு முன் காபன் குச்சிகளின் வில்லில்தான் படம் ஓடியது. அதற்கும் நேரோட்டம் வேண்டும். மோட்டரும் டைனமோவும் ஒரே அச்சில் சுழலும் பொறிகள், நீல ஒளி விடும் கண்ணாடிக் குடத்துப் பாதரசச் சீராக்கிகள், செலீனியத் தகடுகள், பிறகு சிலிக்கன் இருவாயிகள் என்று அந்த வேலையைச் செய்தவை மாறிவந்தன. நம்மூர்த் தியேட்டர்களின் மூலையில் இன்னும் கிடக்கும் கனத்த இரும்புப் பெட்டிகளுக்குள் பெரும்பாலும் இருப்பது கடைசி வகை: ஒரு மூன்று பேஸ் நிலைமாற்றி, ஆறு இருவாயிகள், ஒரு சோக், சில கொள்ளளவிகள். இதைத் திருத்த முடியும். அதுதான் இதன் பெருமை.

கை வைப்பதற்கு முன்

குளிர்ந்திருக்கும்போதே செனன் விளக்கினுள் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 மடங்கு வரை அழுத்தம் உண்டு. எரியும்போது அது மூன்று மடங்காகலாம். உடைந்தால் கண்ணாடி நொறுங்குவதில்லை, சிதறும். சிதறல் காயம் என்றால் என்னவென்று எமக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியில் மீளக்குடியேறிய பிள்ளைகளுக்கு ‘தெரியாத பொருளைத் தொடாதே’ என்று பலகை வைத்துச் சொன்னோமே, இதற்கும் அதே ஒழுக்கம் வேண்டும். முழு முகத்தையும் கழுத்தையும் மறைக்கும் கவசம், தடித்த கையுறை, நீளக்கை மேலங்கி இல்லாமல் விளக்குக் கூட்டைத் திறக்கக்கூடாது. எரிந்த விளக்கை அணைத்தபின் காற்றாடியைக் குறைந்தது 10 நிமிடம் ஓடவிட்டு, அதன் பிறகும் முற்றாகக் குளிரும்வரை பொறுக்க வேண்டும். கழற்றிய விளக்கு அதற்கென்று வந்த பாதுகாப்பு உறைக்குள் போக வேண்டும். பழுதான விளக்கைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதோ, குப்பையில் போடுவதோ, பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் வைப்பதோ குற்றத்துக்குச் சமம்.

இரண்டாவது ஆபத்து இக்னைற்றர். அதன் துடிப்பு மனிதரைக் கொல்லக்கூடியது, மீற்றரையும் கொல்லும். விளக்கின் முனையில் பல்மானியைக் கொழுவிவிட்டுப் பட்டினை அமர்த்தி மீற்றரை எரித்தவர்கள் ஏராளம். மூன்றாவது ஆபத்து கொள்ளளவிகள். மெயினை நிறுத்திய பிறகும் அவற்றில் மின்னேற்றம் நிற்கும். ஐந்து நிமிடம் காத்திருந்து, மீற்றரால் அளந்து, மிச்சமிருந்தால் ஒரு தடையி வழியாக இறக்க வேண்டும். ஸ்குறூ டிறைவரைக் குறுக்கே வைத்து ‘டப்’ என்று இறக்கும் பழக்கம் கண்ணுக்கும் கொள்ளளவிக்கும் கேடு.

மூன்று பேஸ் பெட்டியைத் தனியாக இருந்து திறக்காதீர்கள். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

காதால் தொடங்கும் சோதனை

இனி ஐயா கேட்ட கேள்வி. கதவை மூடி, பட்டினை அமர்த்துங்கள். கேளுங்கள்.

சத்தமே இல்லையென்றால், இக்னைற்றருக்கு மின்சாரம் போகவில்லை. பல்பைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இங்கே குற்றவாளிகள் சின்னப் பொருட்கள். கதவுச் சுவிச் ஒன்று. காற்றாடியின் காற்று பட்டால்தான் மூடும் மெல்லிய தகட்டுச் சுவிச் இன்னொன்று. காற்றுக் குழாயில் தூசு அடைத்தாலும், காற்றாடி தலைகீழாகச் சுழன்றாலும் அது மூடாது. (மூன்று பேஸ் மோட்டரில் இரண்டு வயர் மாறினால் தலைகீழாகச் சுழலும். மெயின் இணைப்பைப் புதிதாகக் கொடுத்த பிறகு வந்த பழுதென்றால் இதை முதலில் பாருங்கள்.) வெப்பச் சுவிச், உருகிகள், கொன்ராக்ரர் ஆகியவை மிச்சம். எமது சூழலில் கொன்ராக்ரரின் முனைகளுக்கு இடையே எறும்பும் பல்லியும் நசுங்கிக் கிடப்பது அபூர்வமல்ல.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சத்தமில்லையா? சுமையற்ற வோல்ற்றளவை அளக்க வேண்டும். மெயினை நிறுத்தி, கொள்ளளவிகளை இறக்கி, புரொஜெக்ரருக்குப் போகும் இரண்டு தடித்த நேரோட்டக் கேபிள்களையும் சீராக்கியின் பக்கத்திலேயே கழற்றி, நுனிகளைக் காவலிட்டு ஒதுக்குங்கள். இக்னைற்றர் இப்போது விலகிவிட்டது; மீற்றருக்கு ஆபத்தில்லை. மீற்றரை நேரோட்ட வோல்ற்றில் வைத்துச் சீராக்கியின் முனைகளில் இணைத்துவிட்டு, கையை எடுத்த பின் சீராக்கியை இயக்குங்கள். எரியும் வோல்ற்றைப் போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். பல வடிவமைப்புகளில் இந்த வோல்ற்றளவே இக்னைற்றரை இயக்குகிறது. வில் பிடித்து வோல்ற்றளவு இறங்கியதும் இக்னைற்றர் தானாக ஓய்கிறது. ஆகவே இந்த வோல்ற்றளவு வராவிட்டால் இக்னைற்றரும் ஊமையாகவே இருக்கும். நல்ல இக்னைற்றரை மாற்றி ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

சடசடவென்ற சத்தம் வருகிறது, ஆனால் விளக்கினுள் ஒரு மின்னலும் இல்லை என்றால், துடிப்பு உருவாகிறது, விளக்கைச் சேரவில்லை. அறையை இருட்டாக்கி, கதவைத் திறக்காமல், பார்வைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேபிளிலிருந்து கூட்டின் தகட்டுக்கோ கண்ணாடியாடியின் பிடிக்கோ நீலப்பொறி பாய்ந்தால் கசிவு அங்கே. காவலிகளில் கறுத்த மயிரிழை போன்ற கோடுகள் அதன் தடம். மாரிமழைக் காலத்தில், பல நாள் ஓடாத அறையில், ஈரமும் தூசும் சேர்ந்து இதை உண்டாக்கும். துடைத்து உலர்த்தினாலே சில நேரம் தீர்ந்துவிடும். இக்னைற்றரிலிருந்து விளக்குக்குப் போகும் வயர் இயன்றளவு குட்டையாக, இரும்பில் படாமல் இருக்க வேண்டும். மிச்ச நீளத்தைச் சுருட்டி வைப்பது அழகாக இருக்கலாம். துடிப்பு அங்கேயே செத்துவிடும். பொறி இடைவெளியின் முனைகள் கருகியிருந்தாலும் துடிப்பு பலவீனமாகும்.

மின்னல் வெட்டி உடனே அணைகிறதென்றால், இக்னைற்றர் தன் வேலையைச் செய்துவிட்டது. வில்லைப் பிடித்து வைத்திருக்க மின்வழங்கியால் முடியவில்லை. சுமையற்ற வோல்ற்றளவு குறைந்திருப்பது, அதைத் தரும் துணைச் சுற்றின் தடையியோ கொள்ளளவியோ பழுதாகியிருப்பது, ஒரு பேஸ் வராமலிருப்பது ஆகியவை வழமையான காரணங்கள். முனை தேய்ந்த பழைய விளக்கும் இப்படி நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் அது பட்டியலின் கடைசியில்தான் வர வேண்டும்.

விளக்கைச் சந்தேகிக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும் அதைக் கழற்றாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பழைய தியேட்டர்களில் மாற்றி மாற்றி ஓட்டுவதற்கு இரண்டு புரொஜெக்ரர்களும் இரண்டு சீராக்கிகளும் இருக்கும். இரண்டு விளக்குகளும் ஒரே வாற்று என்று உறுதிசெய்துகொண்டு, நல்ல சீராக்கியின் நேரோட்டக் கேபிளைப் பழுதான பக்கத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். பழுது கேபிளோடு இடம் மாறினால் சீராக்கிதான் காரணம். மாறாவிட்டால் மட்டும் இக்னைற்றருக்கும் விளக்குக்கும் போகலாம். இதைச் செய்யும்போது நேர், எதிர் முனைகளை இரண்டு தடவை பாருங்கள். விளக்கில் பருத்த முனை நேர்முனை. மாற்றிக் கொடுத்தால் மெல்லிய முனை உருகி, புதிய விளக்கே சில செக்கன்களில் நாசமாகும்.

திரை துடிக்கும்போது எண்ணுங்கள்

விளக்கு எரிகிறது, படம் தெரிகிறது, ஆனால் வெளிச்சம் துடிக்கிறது என்ற முறைப்பாடு இன்னும் சுவாரசியமானது. இங்கே ஒரு கைக்கணக்கு போதும்.

படம் செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. இரண்டு அலகுள்ள மறைப்பான் ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தடவை காட்டுவதால் திரையில் செக்கனுக்கு 48 வெளிச்ச வெட்டுகள். எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நல்ல நிலையிலுள்ள மூன்று பேஸ் சீராக்கியில் ஆறு இருவாயிகளும் முறைவைத்து வேலை செய்வதால் மிச்ச அலைவு செக்கனுக்கு 300 தடவை வரும். அளவிலும் சிறிது, சோக் அதை மேலும் அமர்த்திவிடும். கண்ணுக்குத் தெரியாது.

ஓர் இருவாயி திறந்துபோனால் 50 ஹேர்ட்ஸ் அலைவு கலந்துவிடும். 50க்கும் 48க்கும் வித்தியாசம் 2. திரை செக்கனுக்கு இரண்டு தடவை மெதுவாகப் பொங்கித் தணியும். ஒரு பேஸ் முற்றாக அறுந்துபோனால் சீராக்கி ஒற்றைப் பேஸாக ஓடும். அலைவு 100 ஹேர்ட்ஸ். 48இன் இரட்டிப்பு 96. வித்தியாசம் 4. திரை செக்கனுக்கு நாலு தடவை துடிக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும். பேஸ் போயிருந்தால் மெயின் உருகிகள், கொன்ராக்ரர் முனைகள், மீற்றர்ப் பெட்டி என்று பின்னோக்கிப் போங்கள். இருவாயி என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

தாளத்துக்கு வராத, தாறுமாறான நடுக்கமென்றால் சந்தேகம் வேறு பக்கம். வில்லே அலைகிறது. முனை தேய்ந்த விளக்கு, தேவைக்கு மிஞ்சிய காற்று, அல்லது விளக்கைக் காப்பாற்றுவதாக நினைத்து ஓட்டத்தை அதன் கீழ் எல்லைக்கும் குறைவாக இறக்கி வைத்திருப்பது ஆகியவை காரணமாகலாம். கடைசியாகச் சொன்னது சிக்கனம் அல்ல. குறைந்த ஓட்டத்தில் முனை சரியாகச் சூடாகாமல் வில் இடம் மாறி மாறிப் பாயும். விளக்கு விரைவில் போய்விடும்.

ஒசிலோஸ்கோப் இல்லாதவர்களுக்கு ஒரு கைவழி. புரொஜெக்ரர் மோட்டரை நிறுத்தி, படச்சுருள் இல்லாமல், மறைப்பானைக் கையால் திறந்த நிலையில் வைத்து, வெறும் வெளிச்சத்தைத் திரையில் விழுத்துங்கள். கைத்தொலைபேசியில் செக்கனுக்கு 240 சட்டம் எடுக்கும் மெதுவசைவுக் காணொளி வசதி இருந்தால் அந்த வெளிச்சத்தைச் சில செக்கன்கள் பதியுங்கள். 50 அல்லது 100 ஹேர்ட்ஸ் அலைவு இருந்தால் காணொளியில் ஏறி இறங்கும். இது அளவீடு அல்ல, துப்பு மட்டுமே. விளக்குத் தயாரிப்பாளர்கள் ஓட்டத்தின் அலைவு 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். அதை உறுதிப்படுத்த முறையான கருவி வேண்டும்.

பெட்டிக்குள்

இருவாயிகளைச் சோதிப்பது கடினமல்ல. மின்சாரம் நீக்கி, கொள்ளளவி இறக்கி, ஒவ்வொன்றின் ஒரு முனையையும் கழற்றிவிட்டு மீற்றரின் இருவாயிச் சோதனையில் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் கடத்த வேண்டும். இரண்டு திசையிலும் கடத்தினால் குறுஞ்சுற்று. அப்படியான இருவாயி இருந்தால் சீராக்கியைப் போட்டவுடன் ரிப் சுவிச் விழும். இரண்டு திசையிலும் கடத்தாவிட்டால் திறந்துவிட்டது. மேலே சொன்ன துடிப்பு அதன் அடையாளம். புதிதாகப் போடும்போது வெப்பத்தகட்டைத் துடைத்து, வெப்பப் பசை பூசி, சரியாக இறுக்க வேண்டும். அம்பியர் அளவு மட்டுமல்ல, திசையும் பழையதோடு பொருந்த வேண்டும். வெளியே ஒன்றுபோல இருக்கும் இருவாயிகள் உள்ளே எதிர்த்திசையில் செய்யப்பட்டிருக்கும்.

அதிகம் கவனிக்கப்படாத எதிரி, தளர்ந்த பூட்டு. 80 அம்பியர் ஓடும் ஒரு கேபிள் முனையில் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்தால், அந்த ஓர் இடத்திலேயே 64 வாற்று வெப்பம் உண்டாகும். பழைய 60 வாற்று பல்பைக் கையில் பிடித்ததுபோல. செம்பு கறுத்திருப்பது, காவலுறை உருகியிருப்பது, தகரம் நீலம் பாய்ந்திருப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். செலவில்லாத இந்த வேலையால் உயிர்பெற்ற சீராக்கிகள் பல.

சீராக்கி 20, 30 நிமிடம் ஓடி நின்று, ஆறியபின் மீண்டும் ஓடினால் அது வெப்பப் பழுது. காற்றாடி, தூசு, வெப்பச் சுவிச் என்ற வரிசையில் பாருங்கள். வெப்பச் சுவிச்சைக் குறுக்கே வயர் போட்டு ஏமாற்றி ஓட்டுவதை நான் கண்டிருக்கிறேன். அதைச் செய்பவர்களுக்கு நிலைமாற்றி மறுபடி சுற்றுவதற்கான விலை தெரியாது போலும்.

ஓட்டத்தை அளக்கும்போது இன்னொரு கவனம். இலெக்ரீசியன்மார் வைத்திருக்கும் சாதாரண கவ்வு மீற்றர்களில் பல ஆடலோட்டத்தை மட்டுமே அளக்கும். செனன் விளக்கின் கேபிளைக் கவ்வினால் பூச்சியம் காட்டும், அல்லது அலைவை மட்டும் காட்டும். நேரோட்டம் அளக்கும் கவ்வு மீற்றர் வேண்டும். பெட்டியில் உள்ள பழைய அம்பியர்மானியை நம்பி ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன் அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யுத்தகாலம் முழுவதும் பூட்டிக் கிடந்த ஒரு தியேட்டரின் சீராக்கியை முதன்முதலாகப் போடப்போகிறவர்களுக்கு இது முக்கியம்: உடனே முழு வோல்ற்றையும் கொடுக்காதீர்கள். மின்பகு கொள்ளளவிகளின் உள்ளே இருக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படை வருடக்கணக்கில் மின்சாரம் காணாவிட்டால் மெலிந்துவிடும். திடீரென்று முழு வோல்ற்றளவு ஏறினால் வீங்கி வெடிக்கும். அவற்றைக் கழற்றிப் புதியவை போடுவது நல்லது; இயலாவிட்டால் வோல்ற்றளவைச் சிறிது சிறிதாக மணித்தியாலக் கணக்கில் ஏற்ற வேண்டும். நிலைமாற்றியின் சுற்றுகளில் ஈரம் இருக்கிறதா என்பதையும் காவல் சோதனை மீற்றரால் முன்னதாகப் பார்க்க வேண்டும்.

ஜெனறேற்றரும் கிராமத்து லைனும்

1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம், மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களோடு வாழப் பழகினோம். மின்சாரம் என்பது சுவரில் இருந்து வருவதல்ல, யாரோ ஒருவர் உண்டாக்குவது என்ற அறிவு எமக்கு அப்படித்தான் வந்தது. அந்த அறிவு இங்கே உதவும்.

2 கிலோவாற்று விளக்குக்கு 2 கிலோவாற்று ஜெனறேற்றர் போதாது. பழைய வகைச் சீராக்கி தானே ஒரு பங்கை வெப்பமாக்கிவிடுவதால் 3 கிலோவாற்றுக்கு அண்மையாக இழுக்கும். நிலைமாற்றியைப் போடும் கணத்திலும் வில் பிடிக்கும் கணத்திலும் அதைவிடக் கூட. சிறிய ஜெனறேற்றர் அந்தக் கணத்தில் தொய்ந்தால் வோல்ற்றளவும் தொய்யும். விளக்கு மின்னி அணையும். இதையும் பல்பின் பழுதாகவே மக்கள் எண்ணுவார்கள். மேலும், ஜெனறேற்றரின் வேகம் கூடிக் குறைந்தால் 50 ஹேர்ட்ஸ் 48ஆகவோ 52ஆகவோ மாறும். அப்போது மேலே சொன்ன எண்ணிக்கைக் கணக்கும் மாறிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எமது மூன்று பேஸ் வழங்கல் 400 வோல்ற்று. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய பெட்டிகள் 380க்கும், வேறு சில 415க்கும் அமைக்கப்பட்டிருக்கலாம். நிலைமாற்றியின் முதற்சுற்றில் இதற்கான மாற்று முனைகள் இருக்கும். லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில், மாலை எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் வோல்ற்றளவு இறங்கும். காலையில் நன்றாகப் பற்றிய விளக்கு இரவுக் காட்சிக்குப் பற்றாவிட்டால், முதலில் மெயினை இரவில் அளந்து பாருங்கள். முனையை மாற்றினால் சரியாகலாம். ஆனால் மாற்றிய பிறகு பகலில் வோல்ற்றளவு ஏறும்போது விளக்கின் ஓட்டம் எல்லை தாண்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

டிஜிற்றல் வந்த பிறகு

படச்சுருள் போய் டிஜிற்றல் புரொஜெக்ரர் வந்த பின்னும் பல காலம் விளக்கு செனனாகவே இருந்தது. மின்வழங்கி மட்டும் மாறியது. கனத்த நிலைமாற்றிக்குப் பதிலாக உயர் அதிர்வெண்ணில் வேலை செய்யும் கையடக்கப் பெட்டி. இதற்குள் 400 வோல்ற்றுச் சீராக்கிய மின்சாரம் கொள்ளளவிகளில் நிற்கும்; அனுபவமில்லாதவர் திறக்கும் இடமல்ல. ஆனால் வெளியிலிருந்து செய்யக்கூடியவை அதே வரிசையில்தான்: கதவு, காற்று வடிகட்டி, காற்றாடி, கேபிள் முனைகள், மெயின் வோல்ற்றளவு. திரையில் வரும் பிழைச் செய்தி ‘விளக்கு பற்றவில்லை’ என்று மட்டும் சொல்லும், ஏன் என்று சொல்லாது. எத்தனை தடவை முயன்றது, அந்த நேரம் என்ன வோல்ற்றளவு பதிவானது என்ற விபரங்கள் உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும். திருத்துனரை அழைக்கும்போது அதையும் எடுத்துவைத்தால் ஒரு பயணம் மிஞ்சும். லேசர் புரொஜெக்ரர்களில் இந்த விளக்கே இல்லை.

அதனால்தான் பழைய சீராக்கிகள் இப்போது பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுகின்றன. நிலைமாற்றியின் செம்புக்கு நல்ல விலை கிடைக்கும். பழுதென்று விற்கப்படுபவற்றில் எத்தனை, ஒரு கதவுச் சுவிச்சாலோ ஓர் உருகியாலோ நின்றவை என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்களிடம் ஓடும் நிலையில் ஒன்று இருந்தால், அது நலமாக இருக்கும்போதே ஓர் அட்டையில் சில எண்களைக் குறித்துக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்: மூன்று பேஸ்களின் மெயின் வோல்ற்றளவு, சுமையற்ற நேரோட்ட வோல்ற்றளவு, எரியும்போது வோல்ற்றும் அம்பியரும், விளக்கு போட்ட திகதியும் எரிந்த மணித்தியாலங்களும், நிலைமாற்றி எந்த முனையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும். நாங்கள் திறந்த பெட்டியிலும் அப்படி ஓர் அட்டை இருந்தது. ஐயாவின் கையெழுத்து.